அவர்களும் பெண்களே

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)





"பெண்ணும் இனமும் அதிகாரமும்" என்னும் பொருள்பற்றிச் சிறிது பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபொழுது நாம் முதலில் தயங்கினோம். பல்கலைக்கழகப் படிப்பை நாம் இன்னும் முடிக்கவில்லை. பள்ளிப் படிப்பையோ மிஷன் பாடசாலையொன்றிலே பெற்றோம். அப்பாடசாலையிலே விக்டோரியா மகாராணியாரின் வரலாற்றையும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் தொண்டையும் மனனஞ் செய்தோம். ஆயின் எம்முடைய பாட்டியர் எந்த ஆண்டிலே, எவ்வாறு வாக்குரிமை பெற்றனர் என்பதை அங்கும் எவரும் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் எவரும் சொல்லித் தரவில்லை. பல்கலைக்கழக நூலகத்திலேதான் அதனை அறிந்தோம். பிந்தி அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளும் ஆசையே எம்மை இம்மேடையில் ஏற்றியது.

அரசியல் நம் சங்கத்தின் வேலையன்று எனக் கருதும் பெரியோர் இவ்வவையில் இருத்தல் கூடும். நாம் கட்சி பேச வரவில்லை. ஒருவருக்கு உரிமை கொடுக்கும்போது வேறொருவரை வாசலிலே நிறுத்திவிடுகின்றோமா என்னும் கேள்வியையே பேச வந்தோம். அது அரசியலுக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. நம் வீட்டுக்கும் உரியது.

1927-ம் ஆண்டின் பிற்பகுதியிலே டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தது. இந்நாட்டுக்கு எத்தகைய அரசியலமைப்புப் பொருந்தும் என ஆராய்வதே அதன் வேலை. அக்காலத்திலே வாக்குரிமை பெற்றிருந்தவர் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே. சொத்தும் வருமானமும் கல்வியும் உள்ள ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. பெண்ணொருத்தி எவ்வளவு கற்றிருந்தாலும், எவ்வளவு காணிக்கு உரித்துடையவளாயினும், அவளுக்கு வாக்கில்லை.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே கொழும்பிற் சில பெண்கள் கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்தனர். சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் பறங்கியப் பெண்களும் அதிலே சேர்ந்திருந்தனர். செயலாளராய் இருந்தவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். பறங்கியர் குடும்பத்திலே பிறந்து, கண்டியைச் சேர்ந்த சிங்கள வழக்கறிஞர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தவர் அவர். அம்மாதர் ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தனர்.

அங்கே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை அக்னஸ் அம்மையார் பின்னாளிலே எழுதிவைத்திருக்கின்றார். தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்கிறீர்களா என டொனமூர்ப் பிரபு வினவினாராம். அதற்கு அம்மையார், ஐயமின்றி வேண்டும், அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் நாம் கேட்கின்றோம் என்னும் கருத்துப்பட விடையிறுத்தாராம்.

அக்கேள்வி எளிய கேள்வியன்று. கேட்கப்பட்டவர் கொழும்பிலும் கண்டியிலும் வசதியாக வாழ்ந்த மாதர். கேட்கப்பட்டதோ கொழுந்துக் கூடையைத் தலையிலே மாட்டி மலையேறும் பெண்ணைப்பற்றி. "எங்களுக்குத் தந்தாற் போதும், அவர்கள் படிப்பில்லாதவர், அந்நியர்" என்று சொல்லியிருந்தால், தமக்கு வேண்டியதை அவர்கள் இன்னும் இலகுவாகப் பெற்றிருத்தல் கூடும். அவ்வாறு அம்மையார் சொல்லவில்லை. இன்றைய பேச்சுக்கு அவ்விடையையே நாம் அளவுகோலாகக் கொள்கின்றோம்.

வாக்குரிமையை எதிர்த்தவர் யாவர்? பெரியோர்களே, இவ்விடத்திலே சிறிது பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகின்றோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்கள். பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதையும் எதிர்த்தார்கள். பெண்களுக்கென 1913-ம் ஆண்டிலே இராமநாதன் கல்லூரியை நிறுவிய அதே பெரியார்தாம் இவர். அக்கல்லூரியால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் ஒளி பெற்றன என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. எமது குடும்பத்திலும் அங்கே படித்தவர் உளர். பெண்ணுக்குக் கல்வி வேண்டுமெனக் கண்ட கண், பெண்ணுக்கு வாக்கு வேண்டுமெனக் காணவில்லை. இதைச் சொல்வது அவருடைய புகழுக்கு இழுக்காகாது. பெரியோர் செய்த நன்மையை ஏற்று, அவர்கள் நின்றுவிட்ட இடத்திலிருந்து மேலே செல்லுதலே பின்வந்தோர் கடமையாம்.

அவருடைய அச்சத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தலைக்கொரு வாக்கென்று வந்து, இனவாரிப் பிரதிநிதித்துவமும் நீங்கினால், எண்ணிக்கையிற் குறைந்தோர் நசுக்கப்படுவர் எனத் தமிழ்த் தலைவர் பலர் அஞ்சினர். பின்னர் நடந்தவற்றைப் பார்க்கும்போது அவ்வச்சத்தை வெறுங் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆயின் அதனோடு வேறோர் அச்சமும் கலந்திருந்தது. தாழ்த்தப்பட்டவனும் வாக்காளன், பெண்ணும் வாக்காளி என்றால் வீட்டிலும் ஊரிலும் நம் சொல்லுக்கு மதிப்பென்ன என்பதே அது. சிங்களப் பிரதிநிதிகள் பலருக்கோ தோட்டத் தமிழருக்கு வாக்குக் கிடைத்துவிடும் என்பது அச்சம். ஆகவே இனம், சாதி, பால் என்னும் மூன்றும் ஒரே வழக்கிலே பின்னிக் கிடந்தன. முதலாவதை மாத்திரம் எடுத்துப் பேசுவோர் வரலாற்றின் ஒரு பகுதியையே பேசுகின்றனர்.

ஆணைக்குழு 1928-ம் ஆண்டிலே தன் அறிக்கையை வெளியிட்டது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு வழங்கலாம் என்று அது முதலிலே விதந்துரைத்தது. பின்னர் ஆண் பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதென நிச்சயிக்கப்பட்டது. 1929 டிசம்பரிலே சட்டநிரூபண சபை அத்திட்டத்தை 19 வாக்குக்கு 17 வாக்காக ஏற்றது. இரண்டே வாக்கு வித்தியாசம்! 1931-ம் ஆண்டு ஜூன் மாதத்திலே இலங்கைப் பெண் முதன்முறையாக வாக்களித்தாள். இங்கிலாந்திலே பெண்கள் ஆடவரோடு சமமாக வாக்குரிமை பெற்றது 1928-ம் ஆண்டிலேயாம். பிரான்சுப் பெண்கள் 1944-ம் ஆண்டுவரை காத்திருந்தனர். சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு நாடாளும் மன்றத் தேர்தலிலே வாக்களிக்கும் உரிமை 1971-ம் ஆண்டிலேதான் வந்தது.

ஆயின் யாழ்ப்பாணத்துப் பெண்ணோ அம்முதல் தேர்தலிலே வாக்களிக்கவில்லை. பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பை ஏற்கோம் என யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934-ம் ஆண்டிலேதான் அவ்விடங்களுக்குத் தேர்தல் நடந்தது. சாதி வேற்றுமையை எதிர்த்தும், அன்னிய ஆட்சியை எதிர்த்தும் எழுந்த அவ்விளைஞர்களின் இலட்சியத்தை நாம் மதிக்கின்றோம். எனினும், நேற்றுத்தான் உரிமை பெற்ற ஒருத்தியிடம் "இன்று அதனைப் பயன்படுத்தாதே" என்று சொல்லுமுன், அவளுடைய எண்ணத்தையும் கேட்டிருக்கலாமல்லவா என இன்று எம்முள்ளம் வினவுகின்றது.

இனி, சபைக்குள்ளே சென்ற பெண்களைப் பார்ப்போம். 1931-ம் ஆண்டு நவம்பரிலே அடலின் மொலமூரே அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய தந்தையார் இறந்ததனால் வெற்றிடமான உறுவன்வெலைத் தொகுதி அது. 1932-ம் ஆண்டிலே கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் தெரிவானார். சபையேறிய முதற்றமிழ்ப் பெண் இவரே. இவருடைய கணவர் தேர்தல் வழக்கிலே பதவி இழந்ததனால் ஏற்பட்ட வெற்றிடம் அது. 1960-ம் ஆண்டு ஜூலை மாதத்திலே சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் உலகின் முதற்பெண் பிரதமரானார். முந்திய ஆண்டிலே அவருடைய கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இறந்த தந்தையின் ஆசனம், பதவியிழந்த கணவரின் ஆசனம், கொலையுண்ட கணவரின் ஆசனம். நம் நாட்டிலே பெண்ணுக்குத் திறந்த வாசல் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. இதனால் அவர்களுடைய திறமை குறைந்துவிடாது. நேசம் அம்மையார் 1936-ம் ஆண்டிலே மீண்டும் போட்டியிட்டு வென்றார். ஆயினும், வீட்டு ஆடவர் ஒருவர் வெளியேறினாலன்றி ஒரு பெண் உள்ளே போக முடியாதெனின், அந்த வாசலைப் பற்றியே நாம் சிந்திக்கவேண்டும்.

பெண் ஆட்சிக்கு வந்தாற் பெண்களுக்கெல்லாம் விமோசனம் வந்துவிடுமோ? இக்கேள்விக்கு எமது அம்மம்மாவிடமிருந்து விடை பெற்றோம். 1961-ம் ஆண்டு பெப்ரவரியிலே யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலிலே சத்தியாக்கிரகம் தொடங்கியபொழுது அவருக்குப் பதினாறு வயது. தம் தாயாரோடு போய் வீதியிலே அமர்ந்திருந்தார். சிங்களம் மட்டும் சட்டம் அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்தமையை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. ஏப்ரலிலே அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். உலகின் முதற்பெண் பிரதமரைப்பற்றி நாம் பெருமையாகப் பேசிய ஒரு நாள் அம்மம்மா சொன்னார்: "ஓம் பிள்ளை, கெட்டிக்காரிதான். ஆனா, எங்களை றோட்டாலை எழுப்பினதும் அந்தப் பெண்பிள்ளையின்ர அரசாங்கந்தான்."

இதனைவிடத் தெளிவாக அவ்வுண்மையை எந்த நூலும் எமக்குச் சொல்லவில்லை. ஆசனத்திலே இருப்பவர் பெண் என்பது ஒன்று. அவ்வாசனத்தின் அதிகாரம் எவர்மேற் செல்லுகின்றது என்பது வேறொன்று. 1994-ம் ஆண்டிலே சந்திரிகா அம்மையார் இந்நாட்டின் முதற்பெண் சனாதிபதியானபொழுது, சமாதானம் வருமென்று வடக்கிலும் தெற்கிலும் தாய்மார் நம்பினர். மறு ஆண்டிலேயே யுத்தம் மீண்டும் மூண்டது.

இப்பொழுது தோட்டத்துக்குத் திரும்புவோம். அக்னஸ் அம்மையார் சொன்ன "ஆம்" என்னும் விடை எவ்வளவு காலம் நிலைத்தது? 1947-ம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. 1948-ம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால் தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலோர் வாக்கையும் இழந்தனர். 1952-ம் ஆண்டுப் பாராளுமன்றத்திலே அவர்களுக்குப் பிரதிநிதி ஒருவருமில்லை. வடபகுதித் தமிழ்த் தலைவர்கள் இதனையிட்டு இரண்டாகப் பிரிந்தனர். சிலர் அரசாங்கத்தோடு நின்றனர். செல்வநாயகம் அவர்கள் வெளியேறி 1949-ம் ஆண்டிலே தமிழரசுக் கட்சியை அமைத்தார். 1964-ம் ஆண்டிலே சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரி அவர்களும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசுவோம் என்று எழுதினர். அவ்வெண்களுள்ளே தாய் ஒரு கணக்கிலும் மகள் வேறொரு கணக்கிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

அமெரிக்காவிலே கிம்பர்லி கிறென்ஷோ என்னும் கறுப்பினச் சட்டப் பேராசிரியை 1989-ம் ஆண்டிலே ஒரு கட்டுரை எழுதினார். மோட்டார்க் கம்பனியொன்றின்மேற் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கை அவர் அதிலே ஆராய்ந்தார். அக்கம்பனி கறுப்பினத்தவரை வேலைக்கெடுத்தது. அவர்கள் தொழிற்சாலையிலே வேலைசெய்த ஆடவர். பெண்களையும் எடுத்தது, அவர்கள் கந்தோரிலே வேலைசெய்த வெள்ளைப் பெண்கள். எனவே பாலால் வேற்றுமையில்லை, இனத்தையும் பாலையும் சேர்த்துப் பார்க்கச் சட்டம் இடந்தரவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. கறுப்பினப் பெண்ணோ இரு வீதிகள் சந்திக்கும் நாற்சந்தியிலே நிற்கின்றாள். எந்த வீதியால் வரும் வாகனமும் அவளையே மோதும் என்று பேராசிரியை விளக்கினார். குறுக்குவெட்டு நிலை என இன்று அறிஞர் கூறுவது இதனையே.

நம் நாட்டு நாற்சந்தியிலே நிற்பவள் கொழுந்து பறிக்கும் பெண்ணாவாள். தமிழர் உரிமை பேசிய மேடையிலே அவள் பெண். பெண் உரிமை பேசிய மேடையிலே அவள் தோட்டத் தமிழச்சி. தொழிலாளர் உரிமை பேசிய மேடையிலோ சந்தாக் கொடுப்பவள் அவள், பேசுபவர் ஆடவர். தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984-ம் ஆண்டிலேதான் வந்தது. அதற்குமுன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவள் குறைந்த கூலிக்கே மலையேறினாள். 1930களிலே கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாகச் சென்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரை விழிப்பித்தார். நடேசையரின் பெயரை அறிந்த அளவுக்கு அவ்வம்மையாரின் பெயரை நம்மவர் அறிந்திலர்.

நிலைமை மாறவேயில்லை என்று நாம் சொல்லவில்லை. 2018-ம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிலே பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் என்னும் சட்டம் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அச்சபைகளிலே பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேருமில்லை. 2024-ம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே பெண்கள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினராயினர். அதற்குமுன் ஒருபோதும் அவ்வளவு பேர் சென்றதில்லை. ஹரினி அமரசூரிய அம்மையார் பிரதமரானார். அவர் தந்தையின் ஆசனத்தாலோ கணவரின் ஆசனத்தாலோ வந்தவரல்லர். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்னும் மலையகப் பெண்கள் இருவர் சபையேறினர். டொனமூர்ப் பிரபு கேட்ட கேள்விக்கு மலையகப் பெண்கள் தாமே எழுந்து விடை சொன்ன நாளாக நாம் அதனைக் கருதுகின்றோம்.

சபைக்கு வெளியிலும் பெண்கள் அரசியல் செய்தே வந்திருக்கின்றனர். பிள்ளைகளைப் பிடித்துச் சென்றபொழுது 1984-ம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திலே அன்னையர் முன்னணி எழுந்தது. காணாமலாக்கப்பட்டோரைத் தேடி 2017-ம் ஆண்டு பெப்ரவரியிலே கிளிநொச்சியில் வீதியோரத்திலே அமர்ந்தவரும் பெரும்பாலும் தாய்மாரே. வெயிலிலே அமரும் பொறுப்பு நமக்கு. உள்ளே அமர்ந்து தீர்மானிக்கும் பொறுப்பு வேறொருவர்க்கு என்னும் இவ்வழக்கம் எத்துணைக் காலம்?

இதுவரை பிறரைப்பற்றிப் பேசினோம். இனி எம்மைப்பற்றி ஒன்று சொல்லி முடிக்கின்றோம். நாம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்திலே எமது வீட்டிலே மலையகத்துப் பெண்ணொருத்தி வேலைக்கு நின்றாள். எம்மிலும் நான்கைந்து வயது மூத்தவள். இராக் கண்விழித்துப் படிக்கும்போது எமக்குத் தேநீர் ஊற்றித் தருபவள் அவள். பாராளுமன்றத் தேர்தல் நாள் வந்தது. வீட்டிலுள்ளோர் அனைவரும் வெள்ளை உடுத்து வாக்களிக்கச் சென்றனர். அம்மம்மாவும் கைத்தடியோடு சென்றார். நாமும் அவளும் வீட்டிலே நின்றோம். "எனக்கும் ஓட்டு இருக்குங்க. பேரு தோட்டத்துலதான் பதிஞ்சிருக்கு" என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். இரண்டு நாள் லீவும் பஸ்காசும் கொடுத்திருந்தால் அவள் போய் வந்திருப்பாள். வாக்களிப்பதற்கு லீவு கொடுத்தல் வேலைகொள்வோரின் கடமையென்று சட்டமும் உண்டு. வீட்டிலே எவரும் அதனைப்பற்றி எண்ணவில்லை. எமக்கோ அப்பொழுதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நாம் எவரிடமும் சொல்லவில்லை. "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பினோம்.

1949-ம் ஆண்டிலே அவளுடைய பாட்டியின் வாக்கைப் பறித்தது பாராளுமன்றம். அன்றைய தினம் அவளுடைய வாக்கைப் பறித்தது எமது வீடு. கச்சேரி வீதியிலே உரிமைக்காக அமர்ந்திருந்த அம்மம்மாவின் வீடு. பெண்ணுரிமைபற்றி இன்று மேடையிலே பேசும் நாம் வளர்ந்த வீடு. நூலகத்திலே அக்னஸ் அம்மையாரின் விடையை வாசித்த அன்றுதான் அப்பெண்ணின் முகம் எம் கண்முன் வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க இன்று அவள் எங்கிருக்கின்றாள் என்பதும் எமக்குத் தெரியாது.

ஆதலின் இவ்வவைமுன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது: நம்மவர் வீடுகளிலும் கடைகளிலும் வேலைசெய்வோருக்குத் தேர்தற் காலத்திலே லீவும் வழிச்செலவும் கொடுத்து அனுப்புவதெனச் சங்க அங்கத்தவர் ஒவ்வொருவரும் உறுதி பூணவேண்டும். "தோட்டக்காட்டார்" என்னும் இழிசொல் நம் வாயிலிருந்து நீங்கவேண்டும்.

இரண்டாவது: விழாவுக்கு மாலை கட்டுவதும் பொங்குவதும் வரவேற்பதும் சகோதரிகள், செயற்குழுவிலே தீர்மானிப்பது சகோதரர்கள் என்னும் வழக்கம் மாறவேண்டும். பெண்ணைச் சக்தியென்று வணங்குதல் எளிது; கூட்டத்திலே அவளுக்கு ஒரு நாற்காலி போடுதல்தான் கடினமாயிருக்கின்றது. வரும் ஆண்டுச் செயற்குழுவிலே சரிபாதி இடங்களுக்குச் சகோதரிகள் நிற்கட்டும்.

மூன்றாவது: நம் ஊரிலே முதன்முதல் வாக்களித்த பெண்கள் இன்று இல்லை. அவர்களுடைய மகளிரும் முதுமையடைந்துவிட்டனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுவோம். எழுதும் வேலையைச் செய்ய நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

பெரியோர்களே, சிறியோராகிய நாம் கூறியவற்றிற் பிழையிருப்பின் பொறுத்தருள்க. சரியிருப்பின் வீட்டுக்குச் சென்று, நம் குசினி வாசலிலே நின்று, ஒருமுறை எண்ணிப் பார்க்க. டொனமூர்ப் பிரபு அன்று கேட்ட கேள்வி இன்னமும் அங்கே நிற்கின்றது.